நாற்பத்தேழு இடைவெளிகள்

எங்கள் பாட்காஸ்ட்டுக்கு மூன்று விதிகள் உண்டு. நண்பர் அவற்றைக் காலண்டர் அட்டையின் பின்புறம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, என் கார் ஷெட்டின் சுவரில் ஆணியடித்து மாட்டினார். ஒன்று, ஒரே டேக். இரண்டு, எதையும் வெட்டக் கூடாது. மூன்று, மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. மூன்றாவது விதியை அவரே ஐந்து முறை மீறினார். முதல் விதி ஒருமுறை மின்சாரம் போனதால் மீறப்பட்டது. இரண்டாவதை மீறியவன் நான். பதினான்கு எபிசோடுகளில் முந்நூற்றுச் சொச்சம் வெட்டுகள். சொச்சம் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பழக்கமில்லை. முந்நூற்று எழுபத்தொன்று.

அந்த எண்ணை மற்றவர்களிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மைசூரில், அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் என் வீடு. கார் ஷெட் என்று பெயரே தவிர அதில் கார் நின்றதில்லை. ஒரு ஸ்கூட்டர், இரண்டு காலி எண்ணெய் டின்கள், மழை பெய்தால் நான்கு இடத்தில் ஒழுகும் சிமெண்ட் ஷீட். எனக்கு எழுபத்தொன்று, நண்பருக்கு எழுபத்திரண்டு. அவர் கொள்ளேகாலில் பிறந்து, கல்லூரிக்காக மைசூர் வந்து, இங்கேயே வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு முந்நூற்று நாற்பது அடி, என் காலடிக் கணக்கில். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வருவார். எதிரொலி அடங்கச் சுவரில் ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு, நாற்பது நிமிடம் கராஜ் பங்க் பற்றிப் பேசுவோம். சராசரியாக அறுபத்துமூன்று பேர் கேட்டார்கள். அறுபத்துமூன்று என்றால் ஒரு பஸ் நிறைந்து, பத்துப் பேருக்கு மேல் நின்றுகொண்டு வருவதற்குச் சமம் என்று நண்பர் பெருமைப்படுவார்.

கராஜ் பங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "வாசிக்கத் தெரியறதுக்கு முன்னாலயே வாசிச்சுப்போட்ட பாட்டு." அந்நிய நாட்டில் யாரோ நாலு பையன்கள், அப்பாவின் காரை வெளியே தள்ளிவிட்டு, அந்த ஷெட்டுக்குள் இரண்டு கிடாரையும் ஒரு டிரம்மையும் வைத்துக்கொண்டு போட்ட கூச்சல். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு இசைத்தட்டு பெங்களூர் நடைபாதைக் குவியல் ஒன்றில் எங்களுக்குக் கிடைத்தது. நடுவிலிருந்த காகிதம் கிழிந்துபோயிருந்ததால் பாடியவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. ஒரு நிமிடம் இருபதாவது விநாடியில் டிரம் அடிப்பவன் கையிலிருந்து குச்சி நழுவித் தரையில் விழுகிறது. அது விழுந்து உருளும் சத்தம் கேட்கிறது. பாடுபவன் சிரித்துவிடுகிறான். பிறகு பாட்டு தொடர்கிறது. அன்று எங்கள் கல்லூரி விடுதி அறையில் நண்பர் அந்தத் தட்டை ஒன்பது முறை போட்டார்.

"கேட்டியாடா? குச்சி விழுந்துபோச்சு, அதைய அப்படியே உட்டுட்டானுங்க. எவன்டா உடுவான் அப்படி!"

எங்கள் மூன்று விதிகளுக்கும் மூலம் அந்தக் குச்சிதான்.

பாட்காஸ்ட்டில் பாட்டைப் போட முடியாது. உரிமைப் பிரச்சினை என்று எங்கள் மூன்றாவது எபிசோடையே தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் பாட்டை நண்பர் வாயாலேயே வாசிப்பார். கிடாருக்கு ஒரு குரல், டிரம்முக்கு மேஜை. தொடக்க இசைக்குப் பதிலாக, மேஜைமேல் ஒரு பென்சிலை நழுவவிட்டு உருளவைப்பார். அதுதான் எங்கள் அடையாளம். நடுவே என்ன சத்தம் வந்தாலும் அப்படியே விடுவோம். பத்தே காலுக்கு வரும் கீரைக்காரியின் "சொப்பு, சொப்போ!" முதல் இருபத்தோரு எபிசோடுகளில் பத்தொன்பதில் இருக்கிறது. வராத இரண்டு வாரமும் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நான் கவலைப்பட்டேன்.

எனக்கு எண்ணும் வழக்கம் வேலையில் வந்தது. முப்பத்துநான்கு வருடம் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். இயந்திரத்திலிருந்து வரும் சாமான்களில் நூறு எடுத்துப் பார்க்க வேண்டும். பழுதானதைத் தனியே எடுத்துவிட்டு எண்ணிக்கையை நோட்டில் குறிக்க வேண்டும். அது பாதி வேலை. அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால், இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள் என்று மேலே எழுதிக்கொடுப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை முப்பத்துநான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

இருபத்திரண்டாவது எபிசோடில் நண்பர் ஒரு பாட்டின் தொடக்கத்தை விவரித்துக்கொண்டிருந்தார். "மொதல்ல கிடார் வரும். அது பின்னாலயே..." என்று சொல்லி நின்றார். மேலே சிமெண்ட் ஷீட்டைப் பார்த்தார். "அது இருக்குதல்ல... அதான்டா... தட்டறது."

"டிரம்மா?"

"ஆங், டிரம்மு. எளவு, பேரே வரமாட்டேங்குது."

"அந்த டிரம்மர் குச்சியைப் போட்டான், நீ டிரம்மையே போட்டுட்ட," என்றேன். இருவரும் சிரித்தோம். அன்று அப்படி நான்கு முறை நின்றார். மூன்று விநாடிக்கு மேல் நின்றால்தான் இடைவெளி என்று எனக்கு நானே ஒரு அளவு வைத்துக்கொண்டு, மறுநாள் கேட்டுப் பார்த்து நோட்டில் எழுதினேன். எழுதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. கை பழகிய வேலை.

அந்த எபிசோடை விதிப்படி அப்படியே போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து கேட்கும் ஒருவர் கீழே எழுதினார்: "பெரியவருக்கு உடம்பு சரியில்லையா? நடுநடுவே நின்றுவிடுகிறார்." அதை மூன்று பேர் விரும்பியிருந்தார்கள். நண்பர் கருத்துகளைப் படிக்க மாட்டார். அதெல்லாம் என் பொறுப்பு. அந்தக் கருத்தை நான் நீக்கினேன்.

அடுத்த வாரம் ஆறு இடைவெளி. கணினியில் ஒலியைத் திறந்தால் அது மலைத்தொடர்போல் ஏறி இறங்கும். பேச்சு நின்ற இடம் ஒரு நேர்கோடு. முதல் நேர்கோடு ஒன்பது விநாடி நீளம். அதைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானைத் தட்டினேன். இரண்டு மலையும் ஒட்டிக்கொண்டன. கேட்டுப் பார்த்தேன். ஒட்டிய இடம் தெரியவில்லை. என் நண்பர் ஐம்பது வருடமாகப் பேசுவதுபோல் தடையில்லாமல் பேசினார். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். இன்று யோசித்தால் வேறு காரணங்களும் தெரிகின்றன. இந்த நிகழ்ச்சி நின்றுவிட்டால் என் சனிக்கிழமை என்னாகும் என்ற பயம் இருந்தது. ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. கீரைக்காரியின் கூவலை மட்டும் விட்டுவைத்தேன். அது இருந்தால் வெட்டியிருக்கிறது என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் அல்லவா? அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறேன்.

நண்பரும் எபிசோடை முழுதாகக் கேட்பதில்லை. "நான் பேசினது எனக்குத் தெரியாதா?" என்பார். பென்சில் உருளும் சத்தம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு போனை வைத்துவிடுவார்.

நோட்டு தொடர்ந்தது. ஆறு, ஒன்பது, பதினொன்று, பதினான்கு, பத்தொன்பது. ஒரு வாரம்கூட எண் இறங்கவில்லை. நாற்பது நிமிடம் பேசினால் வெட்டியபின் முப்பத்தாறு, பிறகு முப்பத்துநான்கு என்று எபிசோடின் நீளம் குறைந்தது. அதை ஈடுகட்ட நான் அதிகமாகக் கேள்வி கேட்டேன். அவர் வாயால் கிடார் வாசிக்கும்போது மட்டும் ஒரு நேர்கோடும் வரவில்லை. "ட்ஞங், ட்ஞங், டக்கு டக்கு ட்ஞங்" என்று ஒன்றரை நிமிடம் தங்குதடை இல்லாமல் ஓடும். அதனால் அவருக்கு ஒன்றுமில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். வாசிக்க முடிகிறவருக்கு என்ன நோய் இருக்க முடியும்?

முப்பத்தோராவது எபிசோடில் இடைவெளியும் முப்பத்தொன்று. அந்த வாரம்தான் அவர் மனைவி என் கேட்டருகில் வந்து நின்றார். கொள்ளேகாலைத் தாண்டி ராமாபுரத்துப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வருடமாக என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவீங்களா?"

"கேளும்மா."

"அவரு எம்மேல கோபமா இருக்கறாருங்களா?"

"எதுக்கும்மா கோபம்?"

"எங்கிட்டப் பேசறதேயில்லீங்க. ஏதாச்சும் கேட்டா மூஞ்சியப் பாத்துட்டே நிக்கறாரு. அப்பறம் கையக் காட்டிட்டுப் போயிடறாரு. வயசாச்சு, பேச்சு கொறைஞ்சுபோச்சுன்னு நெனைச்சேன். ஆனா உங்க புரோகிராமக் கேக்கறனுங்களே, வாராவாரம் சமையக்கட்டுல போட்டு. அங்க மடமடன்னு பேசறாரு. சிரிக்கறாரு. அப்ப எங்கிட்ட மட்டும்தானுங்களே பேச மாட்டேங்கறாரு?"

நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த ரெக்கார்டு விசயந்தானுங்களே?" என்றார்.

பதினோரு வருடத்துக்கு முன் வீடு மாறியபோது, ஒரு சாக்கில் கட்டிவைத்திருந்த இருபத்தாறு இசைத்தட்டுகளைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார் அவர் மனைவி. குச்சி விழுந்த தட்டும் அதில் போயிற்று. நண்பர் அன்று ஒரு நாள் சாப்பிடவில்லை. மறுநாள், "போனாப் போகுது கணோ, பென்சில் இருக்குதல்ல," என்று கன்னடமும் தமிழுமாக என்னிடம் சொல்லிச் சிரித்தார். அதோடு அதை மறந்தும் விட்டார். அவர் மனைவி மறக்கவில்லை.

"போன வாரம் அவரு கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டனுங்கண்ணா. அதுக்கும் ஒண்ணும் சொல்லல. வாயத் தொறந்தாரு, மூடிட்டாரு. இன்னும் அந்தக் கோபந்தானுங்களா?"

நோட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. சிறிய நோட்டு, எப்போதும் அங்கேதான் இருக்கும். பத்து வாரத்து எண்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எடுத்து நீட்ட ஒரு விநாடி போதும்.

"வயசாச்சு இல்லம்மா," என்றேன். "எல்லாம் சரியாயிடும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது தெருமுனை வரை எண்ணினேன். எண்பத்தாறு அடி. கூப்பிட்டிருக்கலாம்.

அதன்பின் ஐந்து வாரம். முப்பத்துநான்கு, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்துநான்கு, நாற்பத்தேழு. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வெட்டுவேன். ஒரு மலையும் இன்னொரு மலையும் ஒட்டிக்கொள்ளும்.

முப்பத்தாறாவது எபிசோடைப் பதிவு செய்த மூன்றாம் நாள், நண்பர் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்காகக் கொள்ளேகால் கிளம்பினார். மனைவிக்கு மூட்டுவலி, அதனால் தனியாக. வாழ்க்கையில் ஆயிரம் முறை போன வழி. பதினொரு மணிக்கு என் ஷெட்டின் கதவில் தட்டும் சத்தம். திறந்தால் அவர். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் வெற்றிலை பாக்குத் தட்டு கட்டிய பை அப்படியே இருந்தது.

நடந்ததை அவர் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. மைக் இல்லாமல், வெட்ட வழியில்லாமல் கேட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் வந்து "எல்லிகெ சார்?" என்று கேட்டிருக்கிறார். எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்குப் பிறந்த ஊரின் பெயர் வாயில் வரவில்லை. கையை முன்னால் நீட்டியிருக்கிறார்.

"முந்தே அந்த்ரெ எல்லி சார், ஸ்வர்க்கக்கா?" என்றாராம் கண்டக்டர். முன்னால் என்றால் எங்கே, சொர்க்கத்துக்கா என்று. பஸ்ஸே சிரித்திருக்கிறது. அந்தக் கண்டக்டர் கெட்டவர் இல்லை, வேடிக்கைக்குத்தான் கேட்டார் என்று நண்பரே சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அங்கிருந்து நடை. ஆட்டோ பிடிக்கவும் ஊர்பேர் சொல்ல வேண்டுமே.

"வீட்டுக்குப் போகலையா?"

அவர் தலையை அசைத்தார். பிறகு கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவகிட்ட..." நான் காத்திருந்தேன். எண்ணவும் செய்தேன், வெட்கமாக இருக்கிறது. பதினான்கு விநாடி. "சொல்லாதே."

"சரிடா," என்றேன்.

அவர் வீட்டுக்குப் போய், பஸ் கிடைக்கவில்லை என்று கையைக் காட்டியிருக்கிறார். அன்று முழுக்க நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அவருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் நட்பு போகும். மீறாவிட்டால் போவது அவர். கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தும் ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போகும் நேரம் தெரியும். முந்நூற்று நாற்பது அடி நடந்தேன். அவர் மனைவி முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னங்கண்ணா இது? வரவுசெலவா?"

"இல்லம்மா. அவன் பேச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். டிரம் என்ற சொல்லில் தொடங்கி, பொத்தானைத் தட்டியது, கருத்தை நீக்கியது, பஸ் வரை. அவர் புடவையில் கையைத் துடைத்துவிட்டு நோட்டை எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"இந்த ஆறுங்கறது?"

"ஆறு தடவை பேச்சு நின்னுது."

"அதைய நீங்க வெட்டி எடுத்துட்டீங்க."

"ஆமாம்மா."

விரல் முப்பத்தொன்றில் நின்றது. பக்கத்தில் நான் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். "இது நான் உங்க கேட்டுல வந்து நின்ன வாரம்."

"ஆமாம்."

"அப்ப அவருக்கு எம்மேல கோபமே இல்லீங்களா?"

"இல்லம்மா. ஒருநாளும் இல்ல."

அவர் சிரித்தார். சத்தமாக, ஒரே ஒருமுறை. பிறகு அவரைக்கொட்டை முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோபத்துல இருக்கறவரத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு வெளி ரூம்ல போய்ப் படுத்துக்கிட்டனுங்க. அவரு கதவுகிட்ட வந்து வந்து நின்னாரு. என்னமோ சொல்ல வந்தாரு. நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன்." நோட்டை மூடினார். "அஞ்சு வாரமுங்கண்ணா."

அவர் என்னை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரி. நானும் போனேன், வராதே என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் இளம்பெண். எப்போது தொடங்கியது என்று கேட்டார். அவர் மனைவி பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எண்களின் பக்கத்தில் விநாடிகளையும் குறித்திருந்தேன்.

"யாரு எழுதினது? இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவந்ததே இல்ல. ரொம்ப உபயோகம்," என்றார்.

நான் கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்தில்போல.

ஸ்கேனில் தெரிந்தது. மூளைக்குள் சின்னச் சின்ன ரத்த அடைப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக, வலியில்லாமல் வந்துபோனவை. இனிமேல் வராமல் தடுக்க மாத்திரை, பேச்சுக்குப் பயிற்சி. போனது கொஞ்சம் திரும்பும், எல்லாம் திரும்பாது.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"முன்னாடி வந்திருந்தா முன்னாடியே மாத்திரை தொடங்கியிருப்போம்மா." டாக்டர் யாரையும் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை. நான்கா, பதினொன்றா, பத்தொன்பதா, எந்த எண்ணில் வந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று வீடு வரும்வரை கணக்குப் போட்டேன். விடையில்லாத கணக்கு. அதை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு நண்பர் வந்தார், மனைவி கையைப் பிடித்து அழைத்துவர. வெட்டியதை அவரிடம் மனைவி சொல்லிவிட்டிருந்தார். அவர் உட்காரவில்லை. சுவரில் இருந்த அட்டையை நோக்கி விரலை நீட்டினார், இரண்டாவது வரிக்கு நேராக. வாய் திறந்து நின்றது.

"குச்சி," என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "குச்சியைய... வெட்டிப்போட்டியேடா."

அவர் மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்று சனிக்கிழமை யாரும் வரவில்லை. பத்தே காலுக்குக் கீரைக்காரி கூவிக்கொண்டு போனார். நான் ஷெட்டில் தனியாக உட்கார்ந்து, வெட்டாத பழைய பதிவுகளைக் கேட்டேன். எதையும் அழிக்கும் பழக்கம் எனக்கில்லை, பதினான்கும் இருந்தன. முதலில் இடைவெளி வந்தால் கை பொத்தானுக்குப் போயிற்று. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கேட்டேன். அந்த நேர்கோடுகளுக்குள் சத்தம் இல்லாமல் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் வைத்து எடுக்கிறார். மூச்சை இழுக்கிறார். மேஜையை விரலால் தட்டுகிறார். முப்பத்திரண்டாவது எபிசோடில் ஒரு இடைவெளியில் மெல்ல என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பதிவின்போது நான் கவனிக்கவில்லை. அதையும் வெட்டியிருந்தேன்.

நான்காம் வாரம் புதன்கிழமை, அவர் மனைவி கேட்டருகில் நின்றார். முன்பு நின்ற அதே இடம்.

"பழைய ரெக்கார்டிங் இருக்குதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"இருக்கும்மா. பதினாலும் இருக்கு."

"எல்லாத்தையும் வெட்டாததையே மறுபடி போடோணுமாம். ஏன் போடறோம்னு நீங்க மைக்குல சொல்லோணுமாம். ஒரே டேக்குல."

"நான் மட்டுமா?"

"அவரும் வருவாரு." கொஞ்சம் நின்றார். "இதைச் சொல்லறதுக்கே அவருக்கு ஒரு மணி நேரமாச்சு. நான் உக்காந்துட்டே இருந்தேன்."

போன சனிக்கிழமை பதிவு செய்தோம். நண்பர் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து மேஜையில் நழுவவிட்டார். அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்தேன். படிக்கத் தொடங்கினேன். வெட்டிய எண்ணிக்கையைச் சொன்னேன். கேட்டருகில் ஒருவர் வந்து கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் படிக்க வேண்டிய இடம் வந்தபோது எழுத்து கலங்கிவிட்டது. நின்றுவிட்டேன். ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. மைக் ஓடிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நண்பர் ஒரு கையை மேஜைமேல் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார். நான்கு, ஐந்து. அந்தக் கை முடிந்து மறு கைக்குப் போனார். முகத்தில் பழைய குறும்பு பாதியும் வேறு ஏதோ பாதியும் இருந்தன. ஒன்பதாவது விரலில் எனக்குக் குரல் வந்தது. மீதியைப் படித்து முடித்தேன்.

"ஒ... ஒம்போது," என்றார் மைக்கில், கோயம்புத்தூர்க்காரருக்கும் கேட்கும்படி. பிறகு அந்தப் பெயர் தெரியாத பாட்டை முதலிலிருந்து வாயால் வாசித்தார். இரண்டு நிமிடம் பதினோரு விநாடி, குச்சி விழும் இடத்தில் மேஜையில் ஒரு தட்டு.

அவரை அழைத்துப்போக மனைவி வாசலில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் கையைப் பிடித்து எழுப்பினார். இருவரும் மெல்ல வெளியே போனார்கள். படியருகில் மனைவி மட்டும் திரும்பினார்.

"இதைய வெட்டாமப் போடுங்க," என்றார்.

முன்பென்றால் அந்த வாக்கியத்தின் கடைசியில் ஒரு சொல் இருக்கும். நான் அதற்காகக் காத்திருந்தேன். அவர் போய்விட்டார்.

அப்படியே போட்டேன். பதினெட்டு நிமிடம் நாற்பது விநாடி. இதுவரை ஐம்பத்தெட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள்.